மறவ நாட்டில் அருளானந்தர்

அருளானந்தர் (மார்ச் 1, 1647 - பெப்ரவரி 4, 1693) என்று தமிழில் அறியப்படும் ஜான் டி பிரிட்டோ, போர்த்துக்கல் நாட்டின் லிசுபன் நகரில் பிறந்து, இயேசு சபைத் துறவியாகித் தமிழகத்தில் சமயப் பணியாற்றிய கத்தோலிக்கக் குரு ஆவார். இவரது வாழ்வின் கடைசி ஏழு ஆண்டுகளில் மிகப் பெரும் பங்கு, சேதுபதி மன்னர்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த மறவ நாட்டோடு பிணைந்தது. திருமயம் முதல் இராமநாதபுரம் வரை பரவியிருந்த அந்நாட்டில் இவர் இருமுறை சிறைப்பட்டார். இரண்டாம் முறை ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். கத்தோலிக்கத் திருச்சபை இவரை 1853 இல் அருளாளராகவும் 1947 இல் புனிதராகவும் அறிவித்தது.

இக்கட்டுரை அருளானந்தரின் மறவ நாட்டுப் பணியையும், அதன் பின்னணியையும், அவர் வாழ்ந்து காட்டிய சமய அன்பின் தன்மையையும் விளக்குகிறது.

நாடும் அரசும்

17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மறவ நாடு, மதுரை நாயக்கர்களின் மேலாட்சியைப் பெயரளவில் ஏற்றிருந்த, ஆனால் நடைமுறையில் தனித்தியங்கிய அரசாக இருந்தது. அப்போது ஆண்டவர் இரகுநாத சேதுபதி. வரலாற்றில் கிழவன் சேதுபதி என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1670களில் அரியணை ஏறிய இவர் 1710 இல் இறக்கும்வரை ஆட்சி செய்தார். தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்திற்கு மாற்றியவரும் அங்கே கற்கோட்டை எழுப்பியவரும் இவரே.

இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில், புதுக்கோட்டை நகரிலிருந்து தெற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ள திருமயம், அந்நாளில் சேதுபதியின் வட எல்லைக் காவலிடங்களுள் ஒன்றாக விளங்கியது. திருமயம் குன்றின்மீது இன்று காணப்படும் கோட்டை 1687 இல் சேதுபதியால் கட்டப்பட்டது என்பர். அந்த ஆண்டு கிழவன் சேதுபதியின் ஆட்சிக்காலத்தில் விழுகிறது. புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபின் முதல் மன்னரான இரகுநாதராயத் தொண்டைமான் இவருக்கு மைத்துனர். தொண்டைமானின் உடன்பிறந்தாளான காதலியைச் சேதுபதி மணந்திருந்தார். திருமயம் பின்னர், 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தொண்டைமான்களின் கைக்கு மாறியது.

சமய வேறுபாடுகளை அரசு தலையிட்டுத் தீர்க்கும் வழக்கம் இப்பகுதிக்குப் புதிதன்று. திருமயத்தில் ஒரே குன்றைக் குடைந்து அமைக்கப்பட்ட சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அருகருகே உள்ளன. இவ்விரண்டிற்கும் இடையே எழுந்த வழக்கு 13 ஆம் நூற்றாண்டில் போசளத் தண்டநாயகர் ஒருவர் முன்னிலையில் கூடிய பெருஞ்சபையில் பேசித் தீர்க்கப்பட்டதை அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. கிழவன் சேதுபதியும் பிற சமயத்தார்மீது பொதுவாகப் பகைமை கொண்டவர் அல்லர். கீழக்கரையின் இசுலாமிய வணிகரான வள்ளல் சீதக்காதி அவருக்கு நெருங்கிய நண்பராக விளங்கினார். ஆகவே அருளானந்தர் கொலையுண்டதை வெறும் சமய வெறியின் விளைவாகக் கொள்வது பொருந்தாது. அரியணைப் போட்டி, குடும்ப மானம், அரண்மனையாரின் அழுத்தம் ஆகியவை அதில் கலந்திருந்தன.

இளமையும் துறவும்

ஜான் டி பிரிட்டோ அரச குடும்பத்திற்கு நெருக்கமான உயர்குடியில் பிறந்தார். தந்தை சல்வதோர் டி பிரிட்டோ பெரைரா, பிரேசிலுக்கு ஆளுநராக அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். சிறுவன் ஜான் அரண்மனையில் பணிச் சிறுவனாக வளர்ந்து, பின்னர் போர்த்துக்கல் மன்னரான இரண்டாம் பேதுருவின் இளமைத் தோழனானார். கடும் நோயுற்றபோது அவர் தாய், மகன் பிழைத்தால் ஓராண்டு இயேசு சபை அங்கியை அணிவிப்பதாகப் புனித பிரான்சிசு சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். நோய் நீங்கியது, நேர்த்திக்கடன் நிறைவேறியது. ஓராண்டு முடிந்தும் அச்சிறுவனின் மனத்திலிருந்து அவ்வங்கி கழலவில்லை. 1662 டிசம்பர் 17 ஆம் நாள், தமது பதினைந்தாம் வயதில், அவர் இயேசு சபையில் சேர்ந்தார்.

1673 இல் குருப்பட்டம் பெற்ற அவர் அதே ஆண்டு மார்ச் மாதம் இந்தியாவுக்குக் கப்பலேறினார். மகனைத் தடுத்து நிறுத்தத் தாய், போர்த்துக்கலில் இருந்த திருத்தந்தையின் தூதர் வரை சென்று முயன்றார், பலிக்கவில்லை. செப்டம்பரில் கோவாவை அடைந்த டி பிரிட்டோ, அங்கும் கேரளத்தின் அம்பழக்காட்டிலும் சிறிது காலம் தங்கிப் படித்தபின் 1674 இல் மதுரை மிஷனுக்கு வந்தார்.

பண்டாரசுவாமி

மதுரை மிஷன் 1606 இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலியால் தொடங்கப்பட்டது. தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற நோபிலி, காவியுடுத்து, மரக்கறி உணவு உண்டு, தமிழும் வடமொழியும் கற்று, உள்நாட்டுத் துறவியைப் போலவே வாழ்ந்தார். அவர் வாழ்ந்த முறை 'பிராமண சந்நியாசி' முறை எனப்பட்டது. அதற்கு ஒரு குறை இருந்தது. அக்காலச் சாதி வழக்கின்படி அத்தகைய துறவி எல்லாச் சாதியினரோடும் கலந்து பழக இயலவில்லை. இக்குறையைப் போக்க, 1640 அளவில் பல்தசார் தா கொஸ்தா என்ற இயேசு சபையாரால் 'பண்டாரசுவாமி' முறை தோற்றுவிக்கப்பட்டது. பண்டாரங்கள் பிராமணர் அல்லாத சைவத் துறவியர். எல்லா வகுப்பாரிடமும் சென்று வரக் கூடியவர்கள்.

டி பிரிட்டோ இம்முறையைத் தேர்ந்துகொண்டார். அருளானந்தர் என்ற தமிழ்ப் பெயரும், காவி உடையும், தலைப்பாகையும், கைத்தடியும் அவருடைய அடையாளங்கள் ஆயின. சோறும் காய்கறியுமே உணவு. இறைச்சியோ மீனோ மதுவோ இல்லை. படுக்கை வெறுந்தரை, பயணம் பெரும்பாலும் கால்நடையாகவே. தஞ்சை, செஞ்சி ஆகிய நாடுகளில் பல ஆண்டுகள் இவ்வாறு பணியாற்றியபின் மதுரை மிஷனின் தலைவராக நியமிக்கப்பட்டார்.

இது வெறும் வேடம் என்று சிலர் குறை கூறியதுண்டு. 1687 இல் ஐரோப்பாவுக்குச் சென்றபோதும் லிசுபன் நகரின் விருந்துகளுக்கிடையே அவர் மரக்கறியையே உண்டார், தரையிலேயே உறங்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். பார்ப்பவர் எவரும் கேட்காத இடத்திலும் தொடர்ந்த ஒழுக்கத்தை வேடம் என்று சொல்வது கடினம்.

முதல் வருகை, 1686

மறவ நாட்டில் கிறித்தவர் ஓரளவு முன்னரே இருந்தனர். ஆயினும் குருக்கள் அங்குச் செல்வது ஆபத்தானதாக இருந்ததால், உபதேசியார்கள் எனப்பட்ட உள்நாட்டு ஆசிரியர்களே அவர்களைக் கவனித்து வந்தனர். மிஷன் தலைவர் என்ற முறையில் வேறு ஒருவரை அனுப்பியிருக்கலாம். அருளானந்தர் தாமே 1686 மே 5 ஆம் நாள் மறவ நாட்டில் நுழைந்தார்.

அன்று தொடங்கி ஜூலை 17 வரையிலான பத்து வாரங்களில் அவர் 2,070 பேருக்குத் திருமுழுக்கு அளித்தார். இந்த எண்ணிக்கை பல வாசகருக்கு வியப்பையும் ஐயத்தையும் உண்டாக்கலாம். பத்து வாரத்தில் இரண்டாயிரம் பேருக்குச் சமயத்தைக் கற்பிப்பது எப்படி? இதற்கான விடை உபதேசியார்களின் உழைப்பில் இருக்கிறது. குரு வருமுன்னரே அவர்கள் ஊர் ஊராகச் சென்று மாதக்கணக்கில் செபங்களையும் கட்டளைகளையும் மனப்பாடமாகக் கற்பித்திருந்தனர். குருவின் வேலை, கற்றவரைச் சோதித்து, தகுதியுடையோர்க்குத் திருமுழுக்கு அளிப்பது. மறவ நாட்டுத் திருச்சபையைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் பெயர் அறியப்படாத இத்தமிழ் உபதேசியார்களே என்பது அடிக்கடி மறக்கப்படுகிறது.

ஜூலை 17 இல் மங்கலம் என்னும் ஊரில், சேதுபதியின் படைத்தலைவரான குமாரப்பிள்ளையின் ஆட்கள் அருளானந்தரையும் உடனிருந்த உபதேசியார்களையும் பிடித்தனர். சிவனின் பெயரைச் சொல்லுமாறு அவர்கள் வற்புறுத்தப்பட்டனர். மறுத்ததால் பல நாட்கள் சித்திரவதைக்கு ஆளாயினர். குளத்து நீரில் மூச்சுத்திணற அமிழ்த்தப்பட்டனர். கொதிக்கும் வெயிலில் கரடுமுரடான பாறையில் கிடத்தப்பட்டு மிதிக்கப்பட்டனர். கை கால்களை வெட்டிக் கழுவிலேற்றும் தீர்ப்பும் சொல்லப்பட்டது. ஆனால் தீர்ப்பு நிறைவேறுமுன் கைதிகள் இராமநாதபுரத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சேதுபதி அருளானந்தரை நேரில் அழைத்து அவர் போதிக்கும் சமயத்தைப் பற்றிக் கேட்டறிந்தார். விளக்கம் கேட்டபின் அவரையும் தோழர்களையும் விடுதலை செய்தார். தம் நாட்டில் இனிப் போதிக்கக் கூடாது என்ற நிபந்தனை மட்டும் விதித்தார்.

லிசுபனில் ஒரு வாய்ப்பு

விடுதலைக்குப்பின், மதுரை மிஷனின் நிலைமையை எடுத்துரைக்கும் பேராளராக அருளானந்தர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். 1687 செப்டம்பரில் லிசுபன் சேர்ந்தார். இளமைத் தோழனான மன்னர் இரண்டாம் பேதுரு அவரைத் தம்மருகே வைத்துக்கொள்ள விரும்பினார். தம் மகனுக்கு ஆசானாக இருக்குமாறு கேட்டார் என்று கூறப்படுகிறது. அரண்மனையில் கௌரவமான பதவி, அருகில் முதிய தாய், உடலில் சித்திரவதையின் வடுக்கள் - தங்கிவிடுவதற்கு வேண்டிய எல்லாக் காரணங்களும் இருந்தன.

அவர் திரும்பினார். 1690 நவம்பர் 3 ஆம் நாள் கோவாவில் மீண்டும் இறங்கினார். 1686 இல் அவர் மறவ நாட்டிற்குச் சென்றது தெரியாத இடத்தை நோக்கிய பயணம். 1690 இல் திரும்பியதோ, அங்கு என்ன காத்திருக்கிறது என்பதைத் தம் உடம்பிலேயே அறிந்தபின் எடுத்த முடிவு. அவரது வாழ்வின் மையம் ஓரியூரில் இருப்பதாகவே பெரும்பாலோர் எழுதுகின்றனர். லிசுபன் துறைமுகத்தில் அவர் மீண்டும் கப்பலேறிய நாளுக்கும் அதில் குறையாத இடம் உண்டு.

அன்பும் அவசரமும்

பழைய கத்தோலிக்கத் தமிழில் இறையன்பு 'தேவசிநேகம்' எனவும், பிறரன்பு 'பிறர்சிநேகம்' எனவும் வழங்கின. விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் ஆகிய மூன்றும் தலையான மூன்று புண்ணியங்கள். அவற்றை வெளிப்படுத்தும் செபங்களுக்குத் தமிழில் இட்ட பெயர் குறிப்பிடத்தக்கது: விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி. இலத்தீனில் செயல் என்ற பொருள் தரும் சொல்லை, தமிழாக்கியோர் முயற்சி என்றனர். அன்பு என்பது மனத்தில் தானே ஊறும் உணர்ச்சி மட்டுமன்று, முனைந்து செய்யப்படுவது என்ற கருத்து இப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

அருளானந்தரின் பணியில் இம்முயற்சி ஓர் அவசரத்தோடு சேர்ந்திருந்தது. அதற்கு இரு காரணங்கள் உண்டு.

முதலாவது சமயக் கொள்கை சார்ந்தது. திருமுழுக்குப் பெறாமல் இறப்பவரின் ஆன்மா மீட்புப் பெறாது என்பது அக்காலக் கத்தோலிக்க மறைபரப்பாளரிடையே பொதுவாக நிலவிய எண்ணம். ஒருவர்மீது உண்மையான அன்பு இருந்தால், அவர் இறக்குமுன் அவரிடம் போய்ச் சேர வேண்டும். கொள்ளைநோயும் பஞ்சமும் போரும் மலிந்த 17 ஆம் நூற்றாண்டில் இக்கருத்து எத்தகைய வேகத்தைக் கொடுத்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். பிற்காலத்தில் திருச்சபையின் போதனை இதில் விரிவடைந்தது. தம் குற்றமின்றிக் கிறித்துவை அறியாதிருந்தும் நேர்மையான மனத்தோடு கடவுளைத் தேடுவோர் மீட்புப் பெறலாம் என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964 இல் தெளிவாக அறிவித்தது. இன்றைய வாசகர் அருளானந்தரின் வேகத்தைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாவது காரணம் எளியது. அவருக்கு நாட்கள் குறைவாக இருந்தன. தடையை மீறி மறவ நாட்டில் நுழைந்தவர் எப்போது வேண்டுமானாலும் பிடிபடலாம். 1691க்குப் பின் அவர் ஓரிடத்தில் நெடுநாள் தங்கவில்லை. காட்டின் ஓரங்களில் ஓலைக் குடிசை அமைத்து, இரவில் மக்களைச் சந்தித்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, விடியுமுன் பூசை முடித்து, அடுத்த ஊருக்குப் புறப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் இக்காலத்தில் அவரிடம் திருமுழுக்குப் பெற்றனர்.

தடியத்தேவர்

இரண்டாம் வருகையின் திருப்புமுனை தடியத்தேவர் என்னும் மறவர் தலைவரின் மனமாற்றம். இவர் சேதுபதி மரபைச் சேர்ந்தவர். அரியணைக்கு உரிமை கோரத்தக்க நிலையில் இருந்தவர். கடும் நோயுற்று மருத்துவர் கைவிட்ட நிலையில், கிறித்தவ சமயத்தைப் பற்றிக் கேள்வியுற்று அருளானந்தரை அழைத்தார். அருளானந்தர் உடனே செல்லவில்லை. ஓர் உபதேசியாரை அனுப்பினார். உபதேசியார் நோயாளியின் அருகில் நற்செய்தியை வாசித்துச் செபித்ததும் நோய் நீங்கியது என்று மிஷன் பதிவுகள் கூறுகின்றன.

குணமடைந்த தடியத்தேவர் திருமுழுக்குக் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். ஒரு மனைவியை மட்டும் கொண்டு மற்றவர்களை நீக்கினாலன்றித் திருமுழுக்கு அளிக்க இயலாது என்பது திருச்சபையின் விதி. இந்த இடத்தில் அருளானந்தர் காலம் தாழ்த்தியிருக்கலாம், அல்லது செல்வாக்குள்ள ஒருவருக்காக விதியைத் தளர்த்தியிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. தடியத்தேவர் தம் மனைவியரை அழைத்து, ஒருவரைத் தவிர மற்றவர்களை இனி உடன்பிறந்தாராகக் கருதிப் பேணுவதாகக் கூறினார். 1693 சனவரி 6 ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, அவர் திருமுழுக்குப் பெற்றார்.

நீக்கப்பட்ட மனைவியருள் இளையவர் கடலாயி. இவர் சேதுபதியின் உடன்பிறந்தார் மகள். (சேதுபதியின் மனைவியான தொண்டைமான் குலத்துக் காதலி வேறு, இவர் வேறு.) அவர் நேராக இராமநாதபுரம் சென்று முறையிட்டார். பக்தி நூல்கள் பலவற்றில் கடலாயி, திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்ட ஏரோதியாவுக்கு ஒப்பிடப்படுகிறார். அருளானந்தரின் கிறித்தவப் பெயரும் யோவான் என்பதே என்பதால் இவ்வொப்புமை எளிதில் பரவியது. ஆனால் இதில் அப்பெண்ணின் பக்கம் மறைந்துபோகிறது. அரச குலத்தில் பிறந்து, முறைப்படி மணம் முடித்து, தம்மிடம் எக்குற்றமும் இன்றிக் கணவனின் சமய மாற்றத்தால் மனைவி என்ற நிலையை இழந்தவர் அவர். அக்காலத்தில் ஒரு பெண்ணின் மதிப்பு முழுவதும் அந்நிலையைச் சார்ந்திருந்தது. 1710 இல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவர் மனைவியர் 47 பேர் தீயில் மாண்டதாக இயேசு சபையாரின் கடிதங்கள் தெரிவிக்கின்றன. அத்தகைய சமூகத்தில், உடன்பிறந்தாள் போலப் பேணுவேன் என்ற வாக்கு கடலாயிக்கு ஆறுதலாக இருந்திருக்க முடியாது. அன்பின் பெயரால் எடுக்கப்பட்ட ஒரு முடிவின் விலையை வேறொருவர் கொடுக்க நேர்ந்தது என்பதை வரலாற்றாசிரியர் ஒதுக்கிவிட இயலாது.

சேதுபதிக்கோ குடும்ப மானத்தோடு அரசியல் அச்சமும் இருந்தது. அரியணைக்குப் போட்டியாக வரக்கூடியவர், நாளுக்கு நாள் வளர்ந்து வரும் புதிய சமயக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டார். ஆகவே அவர் கோபம் தடியத்தேவர்மீது பாயாமல் குருவின்மீது பாய்ந்தது.

கைதும் மரணமும்

1693 சனவரி 8 ஆம் நாள் அருளானந்தர் கைது செய்யப்பட்டு இராமநாதபுரத்திற்குக் கொண்டுவரப்பட்டார். தடியத்தேவர் நேரில் வந்து அவரை விடுவிக்கும்படி வேண்டினார். கிறித்தவர்கள் பலர் கூடியிருந்த தலைநகரில் வெளிப்படையாகத் தண்டிப்பது கலகத்துக்கு இடமாகும் என்று மன்னர் எண்ணினார். எனவே வெளியே நாடு கடத்தல் என்று அறிவித்து, உண்மையில் கொல்லும்படி இரகசிய ஆணையுடன், பாம்பாற்றங்கரையில் உள்ள ஓரியூருக்கு அனுப்பினார். திருமயம் பக்கமாக ஓடிவரும் அதே பாம்பாறுதான் ஓரியூரையும் தொட்டுச் செல்கிறது. ஓரியூர் அப்போது மன்னரின் சகோதரர் உடையத்தேவரின் அதிகாரத்தில் இருந்தது.

நோயால் வருந்திய உடையத்தேவர், தம்மைக் குணமாக்கும்படி கைதியிடம் கேட்டதாகவும், கொலை ஆணையை நிறைவேற்றத் தயங்கியதாகவும், அவருடைய அமைச்சரே அவரை வற்புறுத்தியதாகவும் மரபுச் செய்திகள் கூறுகின்றன.

பெப்ரவரி 3 ஆம் நாள் சிறையிலிருந்து அருளானந்தர் தம் மேலாளர் பிரான்சிஸ்கோ லைனசு என்பவருக்குக் கடிதம் எழுதினார். மையும் எழுதுகோலும் இல்லை. கரியை நீரில் குழைத்து, ஒரு குச்சியால் எழுதினார். மரணத்தைத் தாம் மகிழ்வுடன் எதிர்நோக்குவதாகவும், தம்மீது சாட்டப்பட்ட ஒரே குற்றம் கடவுளின் சமயத்தைப் போதித்ததே என்பதால் அதற்காகத் துன்புறுவது பெருமையே என்றும் அதில் குறிப்பிட்டார். குற்றஞ்சாட்டியவர்கள்மீது கசப்பான சொல் அதில் இல்லை. கடிதத்தின் தொனி, நெடுநாள் காத்திருந்த பயணத்துக்குப் புறப்படுபவரின் தொனியாகவே உள்ளது.

மறுநாள் புதன்கிழமை. அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழா, நாட்காட்டியின்படி வரக்கூடிய மிக முந்திய நாளான மார்ச் 22 இல் வந்ததால், பெப்ரவரி 4 சாம்பல் புதனாக அமைந்தது. ஆற்றங்கரை மேட்டிற்கு அழைத்துச் செல்லப்பட்ட அருளானந்தர் முழந்தாளிட்டுச் செபித்தார். பின்னர் எழுந்து கொலையாளியை அணைத்துக்கொண்டார் என்பர். அவர் கழுத்தில் தொங்கிய சிறு பேழையை மந்திரத் தாயத்து என அஞ்சிய கொலையாளி, கையால் தொடாமல் வாளாலேயே அதன் கயிற்றை அறுத்தார். அதில் மார்பில் காயம்பட்டது. அதன்பின் தலை வெட்டப்பட்டது. கைகளும் கால்களும் துண்டிக்கப்பட்டு, உடல் கழியில் கட்டித் தொங்கவிடப்பட்டது. அப்போது அவருக்கு வயது 45.

செய்தி லிசுபனை அடைந்தபோது மன்னர் இரண்டாம் பேதுரு நன்றி வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தார். அருளானந்தரின் தாய், துக்க உடை அணியாமல் விழாக்கால உடையில் அதில் கலந்துகொண்டார் என்று கூறப்படுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் மகனைக் கப்பலேறவிடாமல் தடுக்க முயன்றவரும் அவரே.

புனிதர் பட்ட வழக்கு

லைனசு 1693 ஆம் ஆண்டிலேயே இம்மரணத்தைப் பற்றிய அறிக்கையை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அருளானந்தரின் உடன்பிறந்தாரான பெர்னாந்து பெரைரா டி பிரிட்டோ எழுதிய வாழ்க்கை வரலாறு 1722 இல் கொயிம்பிராவில் வெளிவந்தது. இருந்தும் அருளாளர் பட்டம் கிடைக்க 160 ஆண்டுகள் ஆயின.

தாமதத்தின் முதற்காரணம் 'மலபார் சடங்குகள்' பற்றிய பூசல். நோபிலி தொடங்கி வைத்த முறையில், உள்நாட்டு உடை, திருநீறு அல்லது சந்தனம், சாதி வழக்கம் முதலியவற்றைக் கிறித்தவர் எந்த அளவு வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி இருந்தது. புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் பதிலாளர் தெ தூர்னோன் 1704 இல் இவற்றில் பலவற்றைத் தடை செய்தார். தடை செய்யப்பட்ட வழக்கங்களைப் பின்பற்றிய ஒருவரை எப்படி மறைசாட்சி எனக் கொள்வது என்ற எதிர்வாதம் உரோமையில் எழுந்தது. அவ்வழக்கங்கள் அருளானந்தரின் வழக்குக்குத் தடையாகா என்று திருத்தந்தை 14 ஆம் பெனடிக்ட் 1741 இல் தீர்ப்பளித்தார். அதே திருத்தந்தைதான் 1744 இல் சடங்குகள் பற்றிய தடையை உறுதி செய்தார். இவ்விரு முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒருவரது முறையை ஏற்காமலும் அவரது அன்பை ஏற்கலாம் என்ற நிலையை உரோமை எடுத்ததாகத் தோன்றும்.

பின்னர் 1773 இல் இயேசு சபையே கலைக்கப்பட்டது. 1814 இல் மீண்டும் நிறுவப்பட்டது. 1853 ஆகத்து 21 இல் 9 ஆம் பயஸ் இவரை அருளாளராகவும், 1947 ஜூன் 22 இல் 12 ஆம் பயஸ் புனிதராகவும் அறிவித்தனர். இவருடைய திருநாள் பெப்ரவரி 4.

இப்பகுதியில் தொடர்ச்சி

அருளானந்தரின் மரணத்தோடு இப்பகுதியில் மிஷன் பணி நின்றுவிடவில்லை. அவருடன் பணியாற்றிய பிரெஞ்சு நாட்டவரான ஜான் வெனான்சியுஸ் புஷே, இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆவூரில் 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோயில் எழுப்பினார். தொண்டைமான் நாட்டின் கிறித்தவ வரலாற்றில் ஆவூர் நெடுங்காலம் முக்கிய இடமாக இருந்தது. தேம்பாவணி ஆசிரியரான வீரமாமுனிவரும் இதே மதுரை மிஷனைச் சேர்ந்தவரே.

மதுரை அருகே கருமாத்தூரில் 1970 இல் இயேசு சபையார் நிறுவிய கல்லூரிக்கு அருளானந்தர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. தேவகோட்டையில் உள்ள தே பிரித்தோ பள்ளியும் இவர் பெயரால் அமைந்தது.

ஓரியூர்

ஓரியூர் இன்று இராமநாதபுரம் மாவட்டம், திருவாடானை வட்டத்தில் உள்ளது. கத்தோலிக்க ஆட்சிமுறையில் 1987 இல் உருவான சிவகங்கை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. கொலை நடந்த இடத்தின் மணல் செந்நிறமாக இருப்பதால் 'செம்மண் புனிதர்' என்று மக்கள் இவரை அழைக்கின்றனர். இரத்தம் சிந்தியதால் மண் சிவந்தது என்பது நம்பிக்கை. அம்மண்ணை நோய் தீர்க்கும் மருந்தாக எடுத்துச் செல்வோர் உண்டு. பிள்ளை வரம் வேண்டி வருவோரும் பலர்.

இத்தலத்திற்கு வருவோரில் இந்துக்களும் கணிசமாக உள்ளனர். முடி காணிக்கை செலுத்துதல், ஆடு வெட்டிச் சமைத்து உறவினருக்கும் ஏழைகளுக்கும் விருந்திடுதல் ஆகியவை இங்கு வழக்கமாக நடைபெறுகின்றன. தம் வாழ்நாளெல்லாம் இறைச்சியைத் தொடாத பண்டாரசுவாமியின் பெயரால் ஆட்டுக்கறி விருந்து நடப்பது விந்தையே. குலதெய்வ வழிபாட்டு முறைகள் கிறித்தவ வழிபாட்டில் கலந்து நிற்பதற்கு எடுத்துக்காட்டாகச் சமூகவியலாளர் இதனை ஆராய்ந்துள்ளனர். மறவர் குலத்தார் பலர் அருளானந்தரைத் தங்கள் காவலராகவே கருதுகின்றனர். முதல் மொட்டை அடிக்க அவர்கள் தங்கள் பிள்ளைகளை இங்கே கொண்டுவருகின்றனர்.